பாதியைப் பிட்டுக் கொடுத்தவர்

கண்ணுங்களா, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். பாப்பா, முக்கியமாக உனக்கு.

போன வாரம் உன் சிநேகிதியும் அவள் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உன் முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பார்த்து அந்த அம்மா, "என்னம்மா இது, நாய் கடிச்சுதா?" என்று கேட்டார். நான் வாசலில் லோடு ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே, "இல்ல ஆன்ட்டி, எங்க வூட்ல முன்னாடி ஒரு பைத்தியம் இருந்துச்சு, அது கடிச்சது" என்றாய். உள்ளே அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றுபோனது எனக்கு வெளியில் கேட்டது.

உன்மேல் கோபம் இல்லை. அப்போது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு மனதில் நின்றது கடி மட்டும்தான். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். நான் பத்தாவது வரை படித்தவன், கோர்வையாக எழுத வராது. நினைவு வருகிற போக்கில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீ 'அது' என்று சொன்னாயே, அவர் உங்கள் பெரியம்மா. அம்மாவோடு கூடப்பிறந்த அக்கா. பேரை எழுதவில்லை. அந்தப் பேரைக் கண்டால் அம்மா அந்த வரியிலேயே நின்றுவிடுவாள், மேலே படிக்கமாட்டாள். அம்மாவும் இதைப் படிக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு எதையும் தனியாகச் சாப்பிடத் தெரியாது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவார். பேச்சும் சில வார்த்தைகள்தான். ஆனால் கையில் தின்கிற பொருள் எது கிடைத்தாலும் முதலில் அதை இரண்டாகப் பிட்டுவிடுவார். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் ஒரு துண்டை நீட்டி, "ஒனக்கு" என்பார். வாங்கிக்கொண்டால்தான் தன்னுடையதை வாயில் போடுவார். வாங்காவிட்டால் கையை மடக்கமாட்டார். நீட்டிய கை நீட்டியபடியே நிற்பார்.

உடையார்பாளையத்தில் உங்கள் தாத்தா வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனபோது, நானும் அம்மாவும் போய் பஸ்ஸில் அழைத்து வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததில் ஒரே சந்தோஷம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து எங்களிடம் கொடுத்தார். அம்மா தன் அக்கா கையில் ஒன்றைக் கொடுத்தாள், விளையாட்டுக்கு. அவர் அதை நேராகப் பாதியாகக் கிழித்துக் கண்டக்டரிடமே நீட்டினார்.

"ஒனக்கு."

"ஏம்மா, டிக்கெட்டக் கிழிச்சுப்புட்ட? அரியலூர்ல செக்கிங் ஏறுவான், என் வேலைக்கு உலை வச்சிருவ போலயே!"

"ஒனக்கு."

"வாங்கிக்குங்கண்ணே" என்று அம்மா கெஞ்சினாள். "வாங்கலைன்னா பெரம்பலூர் வரைக்கும் இப்படியேதான் நீட்டிக்கிட்டு இருப்பா."

அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சொன்னபடியே அரியலூரில் செக்கிங் ஏறினார். பெரியம்மாவின் பாதி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பாதி எங்க?" என்றார். கண்டக்டர் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "என் பங்கு சார்." பஸ்ஸே சிரித்தது. பெரியம்மாவும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். பழைய மாத்திரையால் ஈறு தடித்துப் பல்லெல்லாம் பாதி மூடிப் போயிருந்தது. அது அசிங்கம் என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அதற்குத்தான் அந்த மாத்திரை.

சின்ன வெங்காயம் எடுக்க லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு பாய் வருவாரே, அவருக்கும் பெரியம்மாவை நன்றாகத் தெரியும். ஒரு நோன்பு மாதத்தில் களத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவரிடம் பெரியம்மா அரை முறுக்கை நீட்டிக்கொண்டு போய் நின்றார். நான் ஓடினேன். பாய் என்னைக் கையமர்த்திவிட்டு, "நோம்பு வச்சிருக்கேன்த்தா. தொறக்கயில திங்கிறேன்" என்று வாங்கித் துண்டு முனையில் முடிந்துகொண்டார். மறுநாள் வந்ததும் பாய், பெரியம்மா முன்னால் போய் வாயை ஆவென்று திறந்து காட்டினார். "தின்னுட்டேன், பாரு." பெரியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இப்படி ஆளுக்கு ஆள் அவரோடு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

பாப்பா, உன் கணக்குதான் பெரிசு. நீ நடக்கத் தொடங்கியதிலிருந்து அவர் தட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைப்பாய். இட்லியோ, பிஸ்கட்டோ, உன் பங்கு வந்துவிடும். "பெத்தவ குடுத்தா துப்புறா, பெரியம்மா குடுத்தா முழுங்குறா" என்று அம்மா பொய்க்கோபம் காட்டுவாள்.

நீ இல்லாத நேரத்தில் அந்தப் பங்கு ஆட்டுக்குப் போகும். கொல்லையில் ஒரு கிடா கட்டியிருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் வேலியோரம் நின்று, "ஏன்டி, ஒங்க கெடா ராத்திரி செகண்ட் ஷோ போயிட்டு வருதா? எந்நேரம் பாத்தாலும் தூங்கி வழியுது" என்று கேலி செய்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வலிப்பு மட்டும் நின்றபாடில்லை. ஒரு வாரம் ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் விழுந்து கொண்டே இருப்பார். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி விளிம்பில் விழுந்து நெற்றி கிழிந்தது. அரியலூரில் காட்டிக்கொண்டிருந்த டாக்டர், ஈறு கெட்டுப் போனதால் பழைய மாத்திரையை மாற்றிப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கும் அடங்காததால் அளவைக் கூட்டினார். பிறகு மறுபடியும் கூட்டினார். "தவறாமக் குடுக்குறீங்கதானே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "ஒரு வேள கூட விடலைங்க" என்று அம்மா சொல்வாள். அது சத்தியம்.

கசப்பு தெரியாமல் இருக்க, மாத்திரையைப் பூவன் பழத்துக்குள் அழுத்திக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மாவும் அப்படித்தான் கொடுத்தாள். நீங்கள் தூங்குகிற நேரத்தில் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். திரும்பி வந்தால் தோல்தான் இருக்கும். பெரியம்மா எதையும் பாதியாகப் பிட்டுக் கொடுப்பார் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பழத்துக்குள் மாத்திரையும் இருக்கிறதே என்று மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் கிடாவின் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததை அம்மா பார்த்தாள். துடைத்துப் பார்த்தால் பாதி கரைந்த மாத்திரை. மாத்திரை இருக்கிற பாதி யாருக்குப் போகிறதோ, அன்றைக்கு அவர்தான் நோயாளி. அக்காவுக்குப் போனால் வலிப்பு வராது, ஆட்டுக்குப் போனால் ஆடு தூங்கும். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"டாக்டர்கிட்ட சொல்லணுமாங்க?"

"இனிமே நேரா வாயில போட்டுத் தண்ணி குடுத்துரு. சரியாயிடும்."

"ஆமா. ஆடு தின்னுச்சுன்னு அவருகிட்டப் போயிச் சொன்னா நம்மள என்னன்னு நெனப்பாரு?"

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அன்றிலிருந்து மாத்திரை முழுதாக உள்ளே போனது. வலிப்பு நின்றது. அடியோடு நின்றது. அம்மா வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் பெரியம்மா பிட்டுக் கொடுப்பதை நிறுத்தினார்.

முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் கவனித்தது வேறு. தூக்கம் போயிற்று. கூட்டுகிற விளக்குமாற்றின் சத்தம் கூட ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். குளிக்க வைக்கப் போன அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். தட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். பாய் வந்து வாயைத் திறந்து காட்டியபோது பெரியம்மா மண்ணை அள்ளி வீசினார். பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "என் மேல என்னத்தா கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாப்பா, அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் நீ வழக்கம்போல எதிரில் போய் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாய்.

அவர் வாயிலிருந்து உன் கையைப் பிடுங்கி எடுக்க என் பலம் முழுக்கத் தேவைப்பட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடித் தையல் போட்டுத் திரும்பி வந்தபோது, பெரியம்மா தன் தலையைத் தானே சுவரில் இடித்துக்கொண்டிருந்தார். அம்மா சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை வீங்கி இருந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வலிப்பு வெளியே வர வழியில்லாமல் உள்ளே அடைத்துக் கோபமாக வருகிறது என்றார்கள் பக்கத்து வீட்டு அத்தை. காத்துக் கருப்பு என்று சிலர். செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று சிலர். உடையார்பாளையத்திலிருந்து அம்மாவின் சித்தப்பா வந்து உன் கைக்கட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ளயக் கொதறி வச்சிருக்கா. இன்னும் என்ன அக்கா, தங்கச்சின்னுக்கிட்டு? திருச்சி பக்கம் காப்பகம் ஒண்ணு இருக்கு. நான் பேசிட்டேன், கொண்டாந்து வுடச் சொல்லிட்டாங்க."

"அங்க யாருக்குச் சித்தப்பா அவ பிட்டுக் குடுப்பா?"

"இங்க யாருக்குக் குடுக்குறா இப்ப? சொல்லு."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவர் கடித்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் பிட்டுக் கொடுக்காதது அவர் குணமே இல்லை. அதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை வைத்துக்கொண்டு அவரையும் வீட்டில் வைத்திருக்க முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது. காப்பகத்துக்கு அனுப்புவதென்று முடிவு செய்தோம்.

சேர்ப்பதற்கு டாக்டர் சான்று கேட்டார்கள். அரியலூர் டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. பெரம்பலூருக்கு அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். கையெழுத்து வாங்கத்தான் போனோம், வைத்தியத்துக்குப் போகவில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் எங்களை உட்காரச் சொன்னார்.

"முன்னாடியும் இப்படித்தானா?"

"இல்லைங்க மேடம். ஊருக்கே தெரியும், பச்சப் புள்ளைங்க அவ."

"எப்பலேர்ந்து இப்படி? அப்ப மாத்திரைல ஏதாவது மாத்தம் நடந்துச்சா?"

இந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைத் திருகிக்கொண்டே ஆட்டுக் கதையை முழுக்கச் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"பாதி போனப்ப அடங்கலேன்னுதான் அவரு அளவக் கூட்டியிருக்காரு. இப்ப அந்தக் கூட்டுன அளவு முழுசா உள்ள போகுது. அதுவும் இல்லாம, இந்த மாத்திரையே சில பேருக்கு எரிச்சல், கோவம் எல்லாம் கொண்டாரும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. பேசத் தெரிஞ்சவங்க வந்து 'டாக்டர், எனக்கு எல்லார் மேலயும் எரிஞ்சு எரிஞ்சு வுழத் தோணுது'ன்னு சொல்லிருவாங்க. இவங்க எப்படிச் சொல்வாங்க? இப்படித்தான் சொல்ல முடியும்" என்று அம்மாவின் வீங்கிய கையைக் காட்டினார்.

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். "அப்ப எங்கக்கா கெட்டவ ஆயிடலையா?"

"இல்லம்மா."

நாமாக மாத்திரையை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு மாத்திரை சேர்த்து, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: குறைத்தால் கோபம் போகலாம், ஆனால் வலிப்பு திரும்பி வரவும் கூடும். "ரெண்டும் நல்லபடியா அமையுறது எல்லாருக்கும் நடக்குறதில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா யோசிக்கவில்லை. "எனக்கு எங்கக்கா வேணும்ங்க" என்றாள்.

காப்பகத்துக்கு அனுப்பவில்லை. சித்தப்பா கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார்.

மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், நான் கடைவீதியிலிருந்து பன் வாங்கி வந்தேன். பெரியம்மா வாங்கி, முகர்ந்து பார்த்து, மெதுவாக இரண்டாகப் பிட்டார். அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள். அவர் எங்களைத் தாண்டிப் போய் உன்னிடம் நீட்டினார்.

"ஒனக்கு."

நீ என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். வாங்கவில்லை.

"ஒனக்கு."

அம்மா கை நீட்டினாள், கொடுக்கவில்லை. நான் நீட்டினேன், எனக்கும் கொடுக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். எறும்பு மொய்த்தது. அந்தக் கோடை முழுதும் அப்படியே நடந்தது. மற்ற எல்லோருக்கும் பழையபடி கொடுத்தார். பாய்க்குக் கொடுத்தார், வேலியைத் தாண்டி அத்தைக்குக் கொடுத்தார், அண்ணனுக்குக் கொடுத்தார். உனக்கென்று எடுத்ததை மட்டும் நீ வாங்கவில்லை என்றால் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவே மாட்டார். உன்னைக் கடித்தது அவருக்கு நினைவிருந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து நான் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன்.

நீ வாங்காதது தப்பில்லை. உனக்கு வலித்தது, பயந்தாய். அந்த வயதில் அப்படித்தான் இருக்க முடியும். இதைப் படித்துவிட்டு அதற்காக அழாதே.

வலிப்பும் திரும்பியது. முன்னைப்போல் அடிக்கடி இல்லை. வந்தால் பலமாக வந்தது. வந்துபோனபின் எழுந்து, உட்கார்ந்து, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துச் சிரிப்பார். ஆடி பிறந்து, நடவுக்கு விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு விடிகாலை அம்மா எழுப்பப் போனாள். குப்புறக் கிடந்தார். தூக்கத்திலேயே வந்திருக்கிறது.

காரியம் முடிந்ததும் அம்மா டாக்டரம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன்.

"கொறச்சதாலதானுங்களா?"

"தெரியலம்மா. கொறைக்காம இருந்தாலும் வந்திருக்கலாம். கொறச்சதால வந்திருக்கவும் கூடும். ஒங்க மனசு ஆறணும்னு நான் பொய் சொல்லக் கூடாது."

"நான் அப்ப வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"இன்னும் ரொம்ப நாள் இருந்திருக்கலாம். காப்பகத்துல, யாரையும் பக்கத்துல சேக்காம. நீங்க சொன்னது தப்புன்னு நான் அன்னைக்கும் நெனைக்கல, இன்னைக்கும் நெனைக்கல."

அம்மா இன்னும் அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வரவில்லை. நீ 'பைத்தியம்' என்று சொன்னபோது காபி ஆற்றிய கை நின்றது அதனால்தான். அக்காவைத் திருப்பிக் கொண்டுவர அவள் கொடுத்த விலை உங்களுக்குத் தெரிய வேண்டும். அவள் கொண்டுவந்தது நல்ல மனுஷியைத்தான் என்பதும் தெரிய வேண்டும். கடித்த நாட்கள் கொஞ்சம். அந்த நாட்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவருக்குப் பேர் வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தையல் போட்ட மறுநாள், பெரியம்மா படுக்கும் அறைக் கதவில் வெளிப்பக்கம் நான் ஒரு தாழ்ப்பாள் அடித்தேன். நீங்கள் முழித்திருக்கிற நேரமெல்லாம் அது போட்டிருந்தது. மாத்திரை குறைந்து அவர் சரியானபின் அதைப் போடவில்லை. ஆனால் கழற்றாமலே விட்டிருந்தோம்.

பெரியம்மாவின் காரியம் முடிந்து டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த சில நாளில் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு உடையார்பாளையம் போனாள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். லோடு ஆட்டோவிலிருந்து திருப்புளி எடுத்து வந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஒரு திருகாணி துருப்பிடித்து வரவில்லை, குறடு போட்டு இழுத்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மட்டும் கதவின் பச்சைப் பெயின்ட் புதிதாக இருந்தது. ஓட்டைகளில் சோப்பை வைத்து அடைத்தேன்.

பிறகு அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். திறந்தது.